கரடியண்ணனின் அருவி

கரடியண்ணனுக்குப் பார்வை போய்விட்டது என்பது பக்கத்துக் கூண்டு மந்திக்கு மட்டும்தான் தெரியும்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதே, தங்கச்சி. தெரிஞ்சா என்னைத் தனியாக் கொண்டுபோய் வச்சிடுவாங்க” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூண்டுக்குள் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது. நாலடி வைத்தால் சுவர், அங்கிருந்து திரும்பினால் தண்ணீர்த் தொட்டி. வெளியே நடப்பதைத்தான் மந்தி கம்பியோரம் வந்து சொல்வாள். “அண்ணே, ஒரு குழந்தை கையாட்டுது. இந்தப் பக்கம் திரும்பு.” அவர் திரும்புவார். குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பு காதில் விழுந்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

பிறகு கூண்டுகளை இடித்துவிட்டு, கம்பியே இல்லாமல் புதிதாகக் கட்டினார்கள். கரடியண்ணனுக்குப் பாறையும் புதரும் அருவியுமாக ஒரு சின்னக் காடு. மந்திக்கு, அருவிக்கு இந்தப் பக்கம், தண்ணீர் சூழ்ந்த திட்டில் ஓர் ஆலமரம்.

மரம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. உச்சிக்கு ஏறி அவரைத் தேடினாள். இறக்கிவிட்ட இடத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அப்பாவின் தோளில் இருந்த குழந்தை ஒன்று அவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, இந்தப் பக்கம் திரும்பு” என்று மந்தி தொண்டை கிழியக் கத்தினாள். அருவி இரைச்சலில் அது கரைந்துபோனது. அவரோ அருவிப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்குள் தன் குரலைத்தான் தேடுகிறார் என்று அவளுக்கு விளங்கியது.

கை வலிக்கவே குழந்தை அதைக் கீழே இறக்கியது.

“அது நம்மளைப் பார்க்காதுடா கண்ணு” என்றார் அப்பா. “அருவியை ரசிச்சுக்கிட்டு இருக்கு.”