எந்தப் பக்கத்துத் தங்கம்

வசுமதிக்கு அவள் அம்மாவின் வளையலும் மாமியாரின் சங்கிலியும் வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் ஒரே நகைப்பெட்டி. ஒரு நாளாவது வாயை மூடினால்தானே!

“ரசம் கொதிச்சுப்போச்சுன்னு எங்க பொண்ணை அழ வச்சவங்கதானே உங்க வீட்டம்மா?” என்று வளையல் உருளும்.

“ரசம் வைக்கக்கூடச் சொல்லித் தராம கட்டிக்கொடுத்தவங்கதானே உங்க வீட்டம்மா?” என்று சங்கிலி நெளியும்.

ஒருநாள் வசுமதி இரண்டையும் பத்தரிடம் கொடுத்து, சிவப்புக் கல் வைத்து ஒரே மோதிரமாகச் செய்யச் சொன்னாள். பத்தர் இரண்டையும் உருக்கும் மூசையில் போட்டு நெருப்பை ஊதினார்.

“என் பக்கம் வராதே!” என்றது வளையல்.

“நானா வர்றேன்? நீதான் உருகி என் மேல வழியறே!” என்றது சங்கிலி.

மோதிரம் விரலில் ஏறியது. ஆனால் ஓரிடத்தில் உட்காரவில்லை. ‘நான் வளையலா, சங்கிலியா?’ என்று உள்ளுக்குள் ஒரே குடைச்சல். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் விரலையே சுற்றிச் சுற்றி வந்தது.

பிறகு வசுமதியின் மகனுக்குக் கல்யாணமாகி, வீட்டுக்கு மருமகள் வந்தாள். ஒரு காலை அவள் வைத்த ரசம் தளதளவென்று கொதித்துவிட்டது.

“இதுகூடவா உங்க வீட்ல சொல்லித் தரல?” என்றாள் வசுமதி.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையில் அவள் அம்மா போட்டு அனுப்பிய வளையல் மோதிரத்தை ஏறிட்டுப் பார்த்தது.

“ஏங்க, நீங்க எந்தப் பக்கம்?”

மோதிரம் மெல்லச் சுழன்று, தன் சிவப்புக் கல்லை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டது.