ஊறுகாய் இருந்த இடம்

டிவி பக்கத்தில் கிடந்த மாத்திரை டப்பாவுக்குத் தினமும் வயிற்றெரிச்சல். கிட்னி பழுதான மாசிலாமணி முதல் கவளத்தோடு மாத்திரை போட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அவரோ சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான், "அடடா, மறந்துட்டேனே" என்பார்.

"என்னை ஒருநாளாவது மறந்திருக்காரா?" என்றது சாப்பாட்டு மேசையில் இருந்த ஊறுகாய் ஜாடி. "தட்டு வந்ததும் கை தானா என்கிட்ட வந்துடும்."

"உன்னைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு."

"அது அவர் கைக்குத் தெரியாதே."

அந்த வாரம் மாசிலாமணியின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மனைவி பூங்கோதை ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அது இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதை மறைக்க மாத்திரை டப்பாவை எடுத்து அங்கே வைத்தாள்.

மறுநாள் மதியம் மாசிலாமணி டிவியைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தார். இடது கை பழக்கப்படி நகர்ந்து வந்து டப்பாவின் மூடியைத் திறந்தது. குனிந்து பார்த்தவர், பெருமூச்சு விட்டு, மாத்திரையைச் சோற்றோடு வாயில் போட்டுக்கொண்டார்.

"கை வந்துச்சா?" என்று பரணிலிருந்து கேட்டது ஜாடி.

"வந்துச்சு," என்றது டப்பா. "உன்னை நெனச்சுத்தான்."