கடிகாரம் தெரிகிற படம்

காய் வாங்கும்போதெல்லாம் கோகிலவாணி கடையைப் படம் எடுப்பாள். தராசும் அதற்கு மேலே தொங்கும் கடிகாரமும் அதில் கட்டாயம் விழ வேண்டும். முன்பெல்லாம், எங்கே போனாள், எத்தனை மணிக்குப் போனாள் என்று காட்டும் அந்தப் படம் கணவனுக்குப் போய்ச் சேராவிட்டால், வீட்டுக்குள் நுழையும்போதே அடி விழும். அவனை விட்டுவந்து தனியறையில் தங்கி ஒன்றரை வருடமாகிறது. அவன் நம்பரைக்கூட அழித்துவிட்டாள். ஆனால் படம் எடுக்காமல் கடையை விட்டு நகர அவளுக்குக் கால் வராது.

இன்று வெண்டைக்காய் வாங்கிவிட்டுப் போனை நீட்டினாள். இடமில்லை என்றது போன். எதை அழிப்பது என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ரேஷன் கடை, மருந்துக்கடை, பல் ஆஸ்பத்திரி. எல்லாவற்றிலும் கடிகாரம் இருந்தது. ஒன்றில்கூட அவள் இல்லை. எதையும் அழிக்கத் துணியவில்லை.

"தெனமும் எடுக்கறயே கண்ணு, யாருக்கு அனுப்பறே?" என்றாள் கடைக்கார சரசக்கா.

"யாருக்குமில்லீங்கக்கா."

வேகமாக நடந்து வந்து பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றாமல், ஆளில்லாத அறையைப் பார்த்துச் சொன்னாள். "சத்தியமா காய்க்கடைக்குத்தானுங்க போனேன். போன்லதான் எடமில்லீங்க."

உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வெண்டைக்காய்ப் பையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.