விட்டாலி விட்டுக்கொடுக்காத கதை

மேசையில் ஆளுக்கொன்றாக வைத்திருந்த காகிதங்களை விட்டாலி ஒன்றுவிடாமல் பொறுக்கினார். அடுக்கித் தன் நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, என்ன பண்றீங்க?" என்றாள் மதில்டா.

"பஸ்கா கொண்டாடுறேன். எல்லாரும் உட்காருங்க. நான் படிக்கிறேன்."

பல்கேரியாவின் ரூசே நகரத்தில் மிச்சமிருந்த யூதர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். வருடத்துக்கு ஒருமுறை சங்கக் கூடத்தில் பஸ்கா விருந்து. எங்கள் முன்னோர் எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் படித்த பிறகுதான் சாப்பாடு. படிப்பது எப்போதும் விட்டாலி. தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற குரல். அதற்குப் பயந்தே பலர் வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த வருடம் மதில்டா பொறுப்பேற்றாள். இருபத்துநாலு வயது. கூடத்துக்குள் காலே வைக்காத ஆறு குடும்பங்களை வீடு வீடாகப் போய்க் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். இன்று சலித்துப்போனால் அவர்கள் இனி வரவே மாட்டார்கள். அதனால் கதையை எளிய பல்கேரிய மொழியில் துண்டு துண்டாகத் தட்டச்சு செய்திருந்தாள். ஆளுக்கு ஒரு துண்டு. வந்தவர்கள் எல்லோரும் வாய் திறந்து படித்தால், யாரும் விருந்தாளியாக உணர மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. முதல் துண்டு, இருப்பதிலேயே நீளமானது, அவள் அப்பா மோயிஸுக்கு.

நான் எழுந்து போய் விட்டாலியின் காதில் சொல்லிப் பார்த்தேன். சின்னஞ்சிறுசுகள் ஆசைப்படுகிறார்கள், இந்த ஒரு வருடம் விட்டுக்கொடுக்கலாமே என்றேன். ஆசைப்படுகிறவர்கள் அவரவர் வீட்டில் போய்ப் படிக்கட்டும் என்றார்.

மதில்டா தன் அப்பாவைப் பார்த்தாள். மோயிஸ் தட்டிலிருந்த கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"பெரியவரும்மா. விட்டுடு."

"நீயும் அவர் பக்கமாப்பா?"

மோயிஸ் தட்டை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார்.

விட்டாலி ஆரம்பித்தார். ஒரு வரி விடவில்லை. ஒரு மணி நேரத்தில் புதிதாக வந்த குழந்தைகள் இரண்டும் மேசைக்கடியில் தூங்கிவிட்டன. இவர் படிக்கிற வேகத்துக்கு நம் ஆட்கள் எகிப்திலேயே இருந்திருக்கலாம் என்று என் மனைவி முணுமுணுத்தாள். அவள் அப்போது உயிரோடு இருந்தாள்.

நடுவில் ஒரே ஒரு நல்ல நேரம். புளிப்பில்லாத ரொட்டியைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வருவது எங்கள் வழக்கம். மோயிஸ் மூட்டையோடு நொண்டி நொண்டி வந்தார். எங்கேயிருந்து வருகிறாய் என்று எல்லோரும் கேட்டோம்.

"எகிப்துலேருந்து. பஸ் கிடைக்கல."

கூடமே சிரித்தது. மதில்டாவும் சிரித்துவிட்டாள். உடனே விட்டாலி செருமிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஆட்டுக்கறி வரும்போது ஆறிப்போயிருந்தது. இரண்டு குடும்பங்கள் பழம் வருவதற்குள் சொல்லிக்கொண்டு கிளம்பின. அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்த மதில்டா நேராக விட்டாலியின் முன்னால் நின்றாள்.

"உங்க குரலை நீங்களே கேட்டு ரசிக்கணும்னா வீட்ல கண்ணாடி முன்னாடி படிங்க. நான் நாலு மாசமா அலைஞ்சு கூட்டிட்டு வந்தவங்களை ஒரே சாயங்காலத்துல விரட்டிட்டீங்க. வெட்கமா இல்ல?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அவள் கேட்டாள்.

விட்டாலி மிச்சமிருந்த திராட்சை ரசத்தைக் குடித்து முடித்தார்.

"அடுத்த வருஷமும் நான்தான் படிப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்படியும் ஒரு மனிதனா என்று சலித்துக்கொண்டே மேல்கோட்டு எடுக்கப் போனேன். தொங்கிய கோட்டுகளுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. மோயிஸ் அழுதுகொண்டிருந்தார்.

"உங்களை அவ அப்படிப் பேசினது தாங்க முடியல அண்ணே. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு இப்பவே போய்ச் சொல்லிடுறேன்."

"இத்தனை பேர் இருக்கும்போதா? அந்தப் பொண்ணு உடைஞ்சு போயிடும். பேசாம கோட்டை மாட்டு." விட்டாலி இருமினார். "வருஷா வருஷம் கத்துக்கிறேன், கத்துக்கிறேன்னு சொல்றே. சீக்கிரம் கத்துத் தொலைடா. எனக்கும் ஒரு தடவையாவது இந்தக் கதையை வேற யாராவது படிக்க, உட்கார்ந்து தூங்கணும்னு இருக்கு."