ஏழு மணி அறிவித்தல்

“அறுபத்துமூண்டு வயசில பனிமலையில சறுக்கிச் சாகப்போறியே அண்ணை?”

ஏழரைப் பூசைக்குக் கூட்டிப்போக பக்கத்து நகரான லவாலிலிருந்து வந்த அக்னெஸ், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சண்டையைத் தொடங்கினாள்.

அண்ணன் எமிலியானுஸ் வீட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் முப்பது வருசம் பெட்டி ஏற்றி இறக்கிய மனுசன். பனியைச் சவளால் தள்ளியிருக்கிறாரே தவிர, ஒருநாளும் அதில் சறுக்கியதில்லை. அப்படிப்பட்டவர் இந்தக் குளிர்காலம் முழுக்க, காலை ஏழு மணிக்கு தூரத்து காஸ்பே மலைகளின் பனிச்சரிவு எச்சரிக்கைப் பதிவை போனில் கேட்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை!

“பொறடி. இண்டைக்குத்தான் கடைசி அறிவித்தல். இனி மார்கழியிலதான்.”

“பிரெஞ்சில சொல்லுறது உனக்கு என்ன விளங்குது?”

“எல்லாம் விளங்குது. காத்தில திரண்ட புதுப்பனிச் சரிவுக்குப் போகக்கூடாது. தனியப் போகக்கூடாது. வெளிக்கிட முன்னம், எப்ப திரும்பி வருவன் எண்டு வீட்டுக்குச் சொல்லவேணும்.” கடைசி வரியைச் சொல்லும்போது அவர் வாசற்படியைப் பார்த்தார்.

“உனக்கு முத்தின விசர்! ஒவ்வொரு நாளும் உன்ர நம்பரைக் கண்டு அங்க இருக்கிறவங்களும் அப்பிடித்தான் நினைப்பாங்கள். ஆருக்கு இந்தப் பழைய லைன்? வெட்டு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“வெட்டமாட்டன். பிள்ளை பாடமாக்கின நம்பர்.”

“சரி, நீ கேட்டுக்கொண்டிரு. நான் போறன்.”

“அந்தச் சொல்லைச் சொல்லாதை!” எமிலியானுஸ் சீறினார். “போட்டு வாறன் எண்டு சொல்லு.”

அக்னெஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருசத்துக்கு முன்பு, எஞ்சினியரிங் படிப்பை விட்டதற்குத் தகப்பன் கத்திய கத்தலில், ஒரே மகன் றஜிந்தன் “போறன்” என்றுதான் இந்தப் படி இறங்கினான். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. தாய் திரேசம்மாவும் அவனைக் காணாமலேயே கண்ணை மூடிவிட்டாள். பாவம், ஏக்கத்தில் அண்ணைக்கு மூளை கலங்கிப்போச்சு என்று நினைத்தவள், பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்தாள். அவர் போனை அவள் காதுக்கும் சரித்தார்.

“பொன்ஜூர்” என்றது ஓர் இளங்குரல். பிறகு கடகடவென்று பிரெஞ்சு. அக்னெஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எமிலியானுஸ் கண்ணை மூடி, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

“மெர்சி” என்று அறிவித்தல் முடிந்தது. வழக்கமாக அதோடு லைன் அறுந்துவிடும். இன்று அறவில்லை. அந்தக் குரல் கொஞ்சம் தயங்கிச் செருமியது.

“அப்பா... நாளைக்கு மலையால இறங்கிறன். சனிக்கிழமை பின்னேரம் வீட்ட வந்திடுவன்.”