மணிக்கட்டில் இரண்டு மிளகு

“ஏனுங்கக்கா, ஒரு ஊசி போட்டு உட்ருங்க. புண்ணியமாப் போகும். என்னால முடியலீங்க.”

பஸ் அப்போதுதான் மலைப்பாதையின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியிருந்தது. எழுபதில் இன்னும் அறுபத்தேழு பாக்கி. அதற்குள் பக்கத்து சீட்டு அர்த்தனாரி முகம் வெளுத்துப்போய், எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டிருந்தான்.

நஜிமாவின் பையில் ‘அக்குபஞ்சர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து இதே கெஞ்சல்தான். பேளுக்குறிச்சியில் சிகிச்சை நிலையம் வைத்திருக்கும் அவள், வியாழக்கிழமைதோறும் வளப்பூர் நாடு என்கிற மலைக் கிராமத்துக்கு வைத்தியம் பார்க்க மலையேறுகிறவள்.

“ஆடற பஸ்ஸுல ஊசி போட்டா அது எங்க போய் இறங்கும்னு எனக்கே தெரியாது தம்பி. உள்ளங்கையத் திருப்புங்க. மணிக்கட்டு ரேகையில இருந்து மூணு விரல் தள்ளி, ரெண்டு நரம்புக்கு நடுவுல. அங்கதான். நல்லா அழுத்துங்க.”

“பொரட்டறது வயிறுங்க. நீங்க கையப் புடிக்கச் சொல்றீங்களே?”

“சீன வைத்தியத்துல, உடம்பு பூரா சக்தி ஓடறதுக்குப் பாதை இருக்குதும்பாங்க. நெஞ்சுல இருந்து கைக்கு வர்ற பாதை இது. வயித்துல கீழ இறங்க வேண்டியது மேல திரும்பினா குமட்டல். இங்க அழுத்தினா மறுபடி கீழ இறங்குமாம். இங்கிலீஷ் டாக்டருங்க, நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகுதுங்கறாங்க. எது சரின்னு அவங்க சண்டை போட்டு முடிக்கட்டும். நாம வளப்பூர் போய்ச் சேருவோம்.”

கண்டக்டர் நஜிமாவுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அர்த்தனாரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

“வாந்தி மாத்திரை போட்டுக்கறதுதானே?” என்றாள் நஜிமா.

“போட்டாத் தூக்கமா வருதுங்கக்கா. என் பொழப்புக்குத் தூக்கம் ஆகாதுங்க. போன வாரம் பதினெட்டாவது வளைவுலயே பஸ்ஸ நிறுத்த வேண்டியதாப் போச்சு. உள்ள இருந்த அத்தன பேரும் திட்டித் தீத்துட்டாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க எனக்கு.”

நஜிமாவுக்குப் பாவமாக இருந்தது. மலையில் மிளகு பறிக்கிற காலம்; அந்த வேலைக்குத்தான் போகிறான் போல. கிறுகிறுத்த தலையோடு இவன் ஏணி ஏறி, அத்தனை உயர மரத்தில் நின்று பறித்தால் என்ன ஆவது?

“இத அழுத்திக்கிட்டேவா இருக்கோணும்? வேலையில ரெண்டு கையும் வேணுமுங்களே.”

“அதுக்கும் வழி இருக்குது.”

அவள் பையிலிருந்து இரண்டு மிளகை எடுத்து, கைக்கொன்றாக அந்த இடத்தில் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். “இதுவே அழுத்திக்கிட்டுக் கெடக்கும். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. உங்களுக்குக் கேக்கணும்னு துஆ செய்யறேன்.”

பதினெட்டாவது வளைவில் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. நாற்பதில் எலுமிச்சம்பழம் சட்டைப் பைக்குள் போனது. எழுபதாவது திரும்பியதும் அழுதே விட்டான்.

“வாந்தி வரலீங்கக்கா! என் வேலை பொழைச்சுதுங்க!”

அன்று முழுக்க நஜிமாவுக்கு ஒரே சந்தோஷம். வந்த நோயாளிகளிடமெல்லாம் அந்த மிளகுக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்குத் திரும்புகிற பஸ்ஸில் பின்பக்கமாக ஏறி, ஜன்னலோரம் கிடைத்த சீட்டில் சாய்ந்தாள். ஊர் தாண்டி, இறங்குகிற முதல் வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது முன்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“ஏனுங்கக்கா! மிளகு ரெண்டும் அப்படியே இருக்குது, பாருங்க!”

நஜிமா எட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டையில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அர்த்தனாரி, ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.