பூ வைக்க வந்தவள்

நாவல்களில் வரும் முரடர்களைத்தான் சுகந்திக்குப் பிடிக்கும். கண் சிவந்து, கதவை அறைந்து சாத்துகிறவர்கள். பெண் பார்க்க வந்தவன் அப்படியே இருந்தான்.

"காபி ஆறிடும்பா, குடி" என்ற தன் அம்மாவை, "வாய மூடும்மா" என்று ஒரே அதட்டலில் அடக்கினான். சுகந்திக்கு உள்ளே சிலிர்த்தது.

அந்த அம்மாள் எழுந்து வந்து சுகந்தியின் கூந்தலில் பூ வைத்தாள். ஊசியைச் செருக முடியாமல் விரல்கள் நடுங்கின. தான் படித்த எந்த நாயகனுக்கும் அம்மா இருந்ததில்லை என்பது சுகந்திக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிடிக்கலன்னு சொல்லிடு கண்ணு" என்று காதோரம் முணுமுணுத்தவள், நிமிர்ந்து, "பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்கா!" என்று சிரித்தாள்.

"உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்றார் அப்பா.

எல்லோரும் சுகந்தியைப் பார்த்தார்கள். அவன் மட்டும் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.